நர்ஸ் தொழிலைப் படிப்பாக்கிய சீமாட்டி

இரவு நேரம். பெரிய ராணுவ ஆஸ்பத்திரி. வரிசை வரிசையாகப் படுத்திருக்கும் சிப்பாய்கள். அவர்கள் நடுவே ஒரு பெண்மணி கையில் விளக்குடன் நடந்து வருகிறார்.

இந்தப் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்க்காதவர்கள் இல்லை. அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். “கைவிளக்கு ஏந்திய காரிகை” என்று உலகம் அவரை அழைத்தது.

ஆனால் அந்த அம்மையார் போர்முனையில் இருந்தது இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. அவர் வாழ்ந்ததோ 90 ஆண்டுகள். மீதிக் காலம் முழுவதும் அவர் என்ன செய்தார்?

நர்ஸ் வேலை என்பது படித்து, பழகி, தேர்ச்சி பெறவேண்டிய தொழில் என்று உலகத்துக்குக் காட்டினார். அதற்காக ஒரு பள்ளிக்கூடம் அமைத்தார். விளக்கைவிடப் பெரிய சாதனை அதுதான்.

செல்வச் சிறுமி

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந்தேதி இத்தாலி நாட்டில் உள்ள பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். பெற்றோர் ஆங்கிலேயர்கள். பெரும் பணக்காரர்கள். இங்கிலாந்தில் அவர்களுக்கு இரண்டு பெரிய மாளிகைகள் இருந்தன.

தந்தை நன்றாகப் படித்தவர். தம் இரண்டு பெண்களுக்கும் அவரே ஆசிரியராக இருந்தார். கிரேக்கம், லத்தீன், சரித்திரம், தத்துவம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். இளைய மகள் பிளாரன்சுக்குக் கணக்கு என்றால் உயிர்.

நடனம், விருந்து, குதிரை வண்டி, நல்ல இடத்தில் கல்யாணம் — அந்தக் காலப் பணக்காரப் பெண்ணின் வாழ்க்கை இவ்வளவுதான். பிளாரன்சுக்கு இதில் மனம் ஒட்டவில்லை. பக்கத்துக் கிராமத்தில் நோயாளி யாராவது இருந்தால் அங்கே ஓடுவார். 1837-ம் ஆண்டு, 16 வயதில், தம்மைக் கடவுள் ஒரு தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். அந்தத் தொண்டு என்ன என்பது தெளிவாகச் சில ஆண்டுகள் பிடித்தன.

வீட்டில் இடி

1845-ம் ஆண்டு. பிளாரன்சுக்கு 25 வயது. பக்கத்து ஊரான சாலிஸ்பரி ஆஸ்பத்திரியில் சில மாதம் தங்கி, நோயாளிகளைக் கவனிக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்டார்.

வீட்டில் இடி விழுந்ததுபோல் ஆயிற்று. தாயார் திகைத்தார். அக்காள் அழுது ஆர்ப்பாட்டம் செய்தார். தந்தையும் சம்மதிக்கவில்லை.

அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து ஆஸ்பத்திரி ஏழைகள் மட்டுமே போகும் இடம். வசதி உள்ளவர்களுக்கு வீட்டிலேயே வைத்தியம் நடக்கும். ஆஸ்பத்திரி அறைகளில் நாற்றம் குடலைப் பிடுங்கும். நர்ஸ் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு பிழைப்பு இல்லாதவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். குடிப்பழக்கம் உள்ளவர்களும் உண்டு. பெரிய நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் கதை ஒன்றில் குடிகார நர்ஸ் ஒருத்தியைப் படைத்து நாட்டையே சிரிக்க வைத்தார்.

அப்படிப்பட்ட இடத்துக்கு மகளை எந்தத் தாய் அனுப்புவார்?

பிளாரன்ஸ் சண்டை போடவில்லை. விட்டுவிடவும் இல்லை. விடியும் முன்பே எழுந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளைப் படித்தார். குறிப்பு எடுத்தார். காலைச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஒன்றும் தெரியாத பெண்போல மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். இப்படியே ஆண்டுகள் போயின.

அவரை மணக்க நல்ல மனிதர் ஒருவர் பல ஆண்டுகள் காத்திருந்தார். பிளாரன்சுக்கும் அவர்மேல் பிரியம் உண்டு. ஆனால் கல்யாணம் செய்தால் மாளிகையும் விருந்துமாகவே வாழ்க்கை முடிந்துவிடும் என்று அஞ்சினார். 1849-ம் ஆண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த முடிவு அவரை நெடுநாள் வாட்டியது.

முதல் பாடம்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்று ஓர் ஊர். அங்கே பிளீட்னர் என்ற பாதிரியார் 1836-ம் ஆண்டில் ஒரு தொண்டு நிலையம் தொடங்கியிருந்தார். ஆஸ்பத்திரி, அநாதைப் பிள்ளைகள் விடுதி, பள்ளி எல்லாம் அங்கே இருந்தன. கிராமத்துப் பெண்கள் அங்கே நோயாளிகளைப் பேணக் கற்றார்கள்.

பிளாரன்ஸ் 1850-ம் ஆண்டு அந்த நிலையத்தைப் பார்த்தார். மறு ஆண்டு மூன்று மாதம் அங்கே தங்கிப் படிக்க அனுமதி கிடைத்தது. தாயாரும் அக்காளும் வேறோர் ஊரில் உடல்நலத்துக்காகத் தங்கப் போனார்கள். மகள் எங்கே போகிறாள் என்பதை வெளியில் சொல்லவே அவர்கள் கூசினார்கள். அப்போது பிளாரன்சுக்கு வயது 31.

அங்கே காலை 5 மணிக்கு எழவேண்டும். கஞ்சியும் காய்கறியுமே ஆகாரம். மாளிகையில் வளர்ந்த பெண் நோயாளிகளைக் குளிப்பாட்டினார். புண்ணுக்குக் கட்டுப் போட்டார். ஆபரேஷன் நடந்தபோது பக்கத்தில் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மகிழ்ச்சியாக இருந்தார்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு புகழ்கிறவர் அல்ல அவர். அங்கே அன்பு நிறைய இருந்தது. பக்தி இருந்தது. சுத்தமும் தொழில் நுணுக்கமும் போதவில்லை. இதை அவர் மனத்தில் குறித்துக்கொண்டார். நல்ல மனம் மட்டும் போதாது என்பதே அவர் கற்ற முதல் பாடம்.

1853-ம் ஆண்டு லண்டனில் ஹார்லி தெருவில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியை நடத்தும் பொறுப்பு கிடைத்தது. சம்பளம் இல்லை. மனம் மாறிய தந்தை ஆண்டுக்கு 500 பவுன் கொடுத்தார். ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர்க் குழாய் வேண்டும் என்றார் பிளாரன்ஸ். சாப்பாட்டை மேலே ஏற்ற இயந்திரம் வேண்டும் என்றார். நோயாளி கூப்பிட மணி வேண்டும் என்றார். நர்ஸ் படியேறி இறங்கியே களைத்தால் நோயாளியை எப்போது கவனிப்பாள் என்பது அவர் கணக்கு.

38 பேர்

1854-ம் ஆண்டு ரஷியாவுக்கும், பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி நாடுகளுக்கும் யுத்தம் நடந்தது. அதற்குக் கிரிமியா யுத்தம் என்று பெயர். காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கருங்கடலைத் தாண்டித் துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கட்டுத்துணிகூட இல்லை என்று லண்டன் பத்திரிகை எழுதியது. இங்கிலாந்து கொதித்தது.

மந்திரி சிட்னி ஹெர்பர்ட் பிளாரன்சின் நண்பர். நர்சுகளைத் திரட்டிக்கொண்டு போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்.

40 பேரைச் சேர்க்க எண்ணினார்கள். இங்கிலாந்து எவ்வளவு பெரிய நாடு! ஆனால் தகுந்த 40 பேர் கிடைக்கவில்லை. 38 பேரே தேறினார்கள். அவர்களில் 24 பேர் மதத் தொண்டு செய்யும் சகோதரிகள். 14 பேர் ஆஸ்பத்திரி நர்சுகள். இவர்களிலும் சிலரைப் பிறகு திருப்பி அனுப்ப நேர்ந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ் என்று சொல்ல நாட்டில் ஆள் இல்லை என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

நவம்பர் 4-ந்தேதி அவர்கள் ஸ்குட்டாரி சேர்ந்தார்கள். ராணுவ டாக்டர்கள் அவர்களை உள்ளே விடவில்லை. பெண்களுக்கு இங்கே என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம். அம்மையார் பொறுமையாக இருந்தார். டாக்டர் கூப்பிடாமல் எந்த நர்சும் நோயாளியைத் தொடக் கூடாது என்று கட்டளை போட்டார். சில நாளில் கப்பல் கப்பலாகக் காயம்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். டாக்டர்களே வந்து கூப்பிட்டார்கள்.

தரையைத் தேய்த்துக் கழுவ ஏற்பாடு செய்தார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வெந்நீர்க் கொப்பரை வைத்தார். சிப்பாய்களின் மனைவிமாரைக் கொண்டு துணி வெளுக்கச் செய்தார். நோயாளிகளுக்குத் தனிச் சமையல் ஏற்படுத்தினார்.

இரவு 8 மணிக்குமேல் வேறு எந்தப் பெண்ணும் வார்டுக்குள் போகக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அதனால்தான் இரவில் அவர் மட்டும் விளக்குடன் சுற்றிவந்தார். அந்த விளக்கும் படத்தில் காண்பதுபோல் எண்ணெய் அகல் அல்ல. மடக்கக்கூடிய துருக்கிக் கூண்டு விளக்கு.

நெஞ்சைச் சுட்ட கணக்கு

இவ்வளவு செய்தும் ஸ்குட்டாரியில் சாவு குறையவில்லை. 1855-ம் ஆண்டு பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள்.

மார்ச் மாதம் அரசாங்கம் சுகாதார நிபுணர்களை அனுப்பியது. அவர்கள் ஆஸ்பத்திரியின் அடியில் தோண்டிப் பார்த்தார்கள். கட்டடமே நிரம்பி வழியும் சாக்கடைமேல் நின்றது. தண்ணீர் வரும் வழியில் செத்த குதிரை கிடந்தது. எல்லாவற்றையும் அகற்றினார்கள். காற்று வர வழி செய்தார்கள். சில மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

அம்மையார் 1856-ம் ஆண்டு ஆகஸ்டில் ஊர் திரும்பினார். நாடு முழுவதும் வரவேற்கக் காத்திருந்தது. அவரோ வேறு பெயரில் பயணம் செய்து, ரெயில் நிலையத்திலிருந்து தனியே வீட்டுக்கு நடந்தார். போர்முனையில் வந்த காய்ச்சல் அவர் உடம்பை முறித்திருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து நெடுங்காலம் அவருக்குப் படுக்கையே அலுவலகம் ஆயிற்று.

அங்கே இருந்துகொண்டு வில்லியம் பார் என்ற புள்ளிவிவர நிபுணருடன் சேர்ந்து சாவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். சிப்பாய்கள் பட்டினியாலும் தாமதமாக வந்ததாலும் செத்தார்கள் என்றே அதுவரை நம்பியிருந்தார். கணக்கு வேறு கதை சொன்னது. குண்டுபட்டுச் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே பல மடங்கு அதிகம். நெருக்கடியும், கெட்ட காற்றும், சாக்கடையுமே அவர்களைக் கொன்றன. அதிகம் பேர் இறந்தது அவர் பணிபுரிந்த ஆஸ்பத்திரியில்தான்.

உலகம் தெய்வம் என்று கும்பிட்டது. அவருக்கோ இறந்த சிப்பாய்களின் நினைவு நெஞ்சைவிட்டு அகலவில்லை. கணக்கை மறைக்கவில்லை. எளிதில் புரியும்படி வண்ணப் படங்களாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

அன்பு இருந்தது. உழைப்பு இருந்தது. ஆனால் எது கொல்கிறது என்ற அறிவு அன்று யாருக்கும் இல்லை. இனி வரும் நர்சுக்கு அந்த அறிவு வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

பள்ளிக்கூடம் பிறந்தது

யுத்தம் நடக்கும்போதே அவர் பெயரால் மக்கள் நிதி திரட்டினார்கள். சிப்பாய்கள் ஒருநாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். சுமார் 44,000 பவுன் சேர்ந்தது. அதில் ஒரு காசுகூட அவர் தமக்கு எடுக்கவில்லை. நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி அமைக்க ஒதுக்கினார்.

லண்டனில் உள்ள செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே திருமதி வார்ட்ரோப்பர் என்ற திறமையான தலைமை நர்ஸ் இருந்தார். ஆனால் அதே ஆஸ்பத்திரியின் மூத்த சர்ஜன் ஒருவர் எதிர்த்தார். நர்ஸ் என்பவள் வீட்டு வேலைக்காரி மாதிரிதான், அவளுக்குப் பெரிய படிப்பு எதற்கு என்ற கருத்தைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

1860-ம் ஆண்டு பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்த பெண்கள் பதினைந்து பேருக்குமேல் இல்லை. வயது 25 முதல் 35 வரை. நல்ல நடத்தைச் சான்று வேண்டும். படிப்பு ஓர் ஆண்டு. கட்டணம் இல்லை. தங்க இடம், சாப்பாடு, தேயிலை, சர்க்கரை, துணி வெளுப்பு எல்லாம் இலவசம். கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுன். பழுப்பு நிற உடை, வெள்ளை மேலாடை, வெள்ளைத் தொப்பி. ஒவ்வொருவருக்கும் தனி அறை. வேலைக்காரப் பெண்களுக்குத் தனி அறை என்பது அந்தக் காலத்தில் கேள்விப்படாத காரியம்.

என்ன கற்றார்கள்? புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுதல். எழுந்திருக்க முடியாதவரைப் புரட்டிப் படுக்கவைத்தல், படுக்கைப் புண் வராமல் காத்தல், படுக்கை விரித்தல், பத்தியச் சமையல், காற்றோட்டம், பாத்திரச் சுத்தம், ஆபரேஷனுக்கு உதவி. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியைக் கூர்ந்து கவனித்தல். நாடி, மூச்சு, தூக்கம், பசி, தோலின் நிறம் ஆகியவற்றைப் பார்த்து டாக்டரிடம் சரியாகச் சொல்லவேண்டும். நினைத்ததைச் சொல்லக் கூடாது. கண்டதைச் சொல்லவேண்டும்.

மாதந்தோறும் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் பட்டியல் உண்டு. நேரம் தவறாமை, அமைதி, நம்பிக்கைக்கு உரிய தன்மை, சுத்தம் ஆகியவற்றுக்கும் மதிப்பெண். வெளியே போனால் இருவராகத்தான் போகவேண்டும். ஒரு பெண்ணின் பெயர் கெட்டாலும் பள்ளியின் கதவு மூடிவிடும் என்பதை அம்மையார் அறிந்திருந்தார்.

வீட்டில் இருக்கும் தாய்மாரையும் அவர் மறக்கவில்லை. நோயாளியைப் பேணுவது பற்றி எளிய நடையில் ஒரு புத்தகம் எழுதினார். அது ஆயிரக்கணக்கில் விற்றது. 1861-ம் ஆண்டு ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக மலிவுப் பதிப்பு வந்தது. அதில் குழந்தையைக் கவனிப்பது பற்றித் தனி அத்தியாயம் சேர்த்தார்.

லிவர்பூலில் சோதனை

லிவர்பூல் நகரில் அநாதை ஏழைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. 1,200 பேருக்குமேல் நோயாளிகள். அவர்களைக் கவனித்தவர்களும் பெரும்பாலும் அங்கே தங்கியிருந்த ஏழைகள்தான்.

1865-ம் ஆண்டு அந்தப் பள்ளியில் படித்த ஆக்னஸ் ஜோன்ஸ் என்ற பெண்மணி 12 நர்சுகளுடன் அங்கே போனார். அதிகாரிகளுடன் போராடினார். இரவும் பகலும் உழைத்தார். மூன்றே ஆண்டில் அந்த இடத்தின் முகமே மாறியது. ஆனால் 1868-ம் ஆண்டு விஷக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 35. அம்மையார் பெற்ற மகளைப் பறிகொடுத்ததுபோல் துயருற்றார். ஏழைக்கும் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும் என்ற கொள்கை மட்டும் அங்கிருந்து நாடெங்கும் பரவியது.

அதே ஆண்டில் லூசி ஆஸ்பர்ன் ஐந்து நர்சுகளுடன் ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் போனார். அமெரிக்காவின் முதல் பயிற்சி நர்ஸ் லிண்டா ரிச்சர்ட்ஸ் 1877-ம் ஆண்டு லண்டன் வந்து அம்மையாரைச் சந்தித்தார். பிறகு ஜப்பான் சென்று அங்கே பயிற்சிப் பள்ளி தொடங்கினார். சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் 1871-ம் ஆண்டிலேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்நாட்டின் சுகாதாரம், பஞ்சம் பற்றிப் பல ஆண்டுகள் படித்து எழுதினார்.

பள்ளி தடுமாறியது

புகழ் பரவிய அதே நேரத்தில் தாய்ப்பள்ளி தடுமாறிக்கொண்டிருந்தது. படுக்கையில் இருந்த அம்மையார் அறிக்கைகளை நம்பியிருந்தார். 1872-ம் ஆண்டு மாணவிகளை நேரில் விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. டாக்டர் எடுக்கவேண்டிய பாடங்கள் ஒழுங்காக நடக்கவில்லை. மாணவிகளைக் கூலி இல்லாத வேலையாட்களாக ஆஸ்பத்திரி பயன்படுத்திக்கொண்டிருந்தது.

அவர் பத்திரிகைக்கு எழுதவில்லை. பள்ளியை மூடவும் இல்லை. பாடம் சொல்ல வேறு டாக்டரை ஏற்பாடு செய்தார். மாணவிகள் விடுதிக்குத் தனிப் பொறுப்பாளர் வைத்தார். ஒவ்வொரு மாணவியையும் தம் வீட்டுக்கு அழைத்தார். தேநீர் கொடுத்துப் பேசினார். அவளைப் பற்றிக் குறிப்பு எழுதிவைத்தார். வேலைக்குப் போனவர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு முதல் பள்ளிப் பெண்களுக்கு அறிவுரைக் கடிதமும் எழுதத் தொடங்கினார். பள்ளி பிழைத்தது.

அவர் எண்ணியது எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. கிருமிகளைப் பற்றிய புதிய அறிவை அவர் தாமதமாகவே ஏற்றார். பரீட்சை வைத்து நர்சுகளை அரசாங்கம் பதிவு செய்யவேண்டும் என்று மற்றவர்கள் கேட்டபோது எதிர்த்தார். குணத்தைப் பரீட்சையால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். அவர் மறைவுக்குப் பின், 1919-ம் ஆண்டு, இங்கிலாந்தில் அந்தச் சட்டம் வந்தது. நர்சுக்கு அதனால் மதிப்பு உயர்ந்ததே தவிரக் குறையவில்லை.

எளிய கல்லறை

முதுமையில் கண் பார்வை போயிற்று. 1907-ம் ஆண்டு மன்னர் “ஆர்டர் ஆப் மெரிட்” என்ற உயர்ந்த விருதை அளித்தார். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந்தேதி உயிர் பிரிந்தது. மன்னர்களைப் புதைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் கோவிலில் இடம் கொடுக்க நாடு முன்வந்தது. குடும்பத்தார் மறுத்தார்கள். சொந்த ஊர்ப் பக்கத்துச் சிறு தேவாலயத்தில், பெற்றோர் அருகே அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியை ஆறு ராணுவ சார்ஜெண்டுகள் சுமந்தார்கள். கல்லறையில் பெயர்கூட இல்லை. பெயரின் இரண்டு முதல் எழுத்துகளும், பிறந்த தேதியும் இறந்த தேதியுமே உள்ளன.

அவர் பிறந்த மே 12-ந்தேதியை உலக நர்சுகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று விளக்கு ஏற்றி உறுதிமொழி எடுக்கிறார்கள்.

மகள் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறாள் என்பதை வெளியே சொல்ல ஒரு தாய் வெட்கப்பட்ட காலம் இருந்தது. நகையை அடகு வைத்தாவது மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்கும் காலம் பிறகு வந்தது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு அந்தச் சீமாட்டிக்கு உண்டு.

கருணை பிறவியிலேயே வரலாம். கைப்பக்குவம் கற்றால்தான் வரும். இரண்டும் சேர்ந்தால்தான் நோயாளி பிழைப்பான்.